கெப்பல் கடலில் மூழ்கிய ரேடார்

மாணவர்களே, ஐ-400 என்ற பெயரை உங்களில் பலர் யூடியூபில் பார்த்திருப்பீர்கள். இரண்டாம் உலகப் போரின் இறுதியில் ஜப்பான் கட்டிய ராட்சத நீர்மூழ்கிக் கப்பல் அது. நீளம் 122 மீட்டர். உள்ளே மூன்று போர் விமானங்கள். எரிபொருள் நிரப்பாமல் 37,500 கடல் மைல் போகும். அதாவது பூமியை ஒன்றரை முறைக்கு மேல் சுற்றிவரலாம். அணுசக்தி நீர்மூழ்கிகள் வரும்வரை அதைவிடப் பெரியது எதுவும் கட்டப்படவில்லை. செயல்திட்டத்துக்குத் தலைப்பு தேடச் சொன்னால், என் உயர்நிலை மூன்று மாணவர்களில் ஆண்டுக்கு ஒருவராவது இதைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார். அட்டையில் மாதிரி செய்து, சாயம் பூசி, இறக்கை மடங்குவதைக் காட்டினால் வகுப்பே கைதட்டும்.

செய்யுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் ஐ-400இலிருந்து தொடங்காதீர்கள் என்பது என் கருத்து. அதற்கு முன்னால் வந்த, அளவில் சிறிய, அதிகம் பேசப்படாத விமானம் தாங்கி நீர்மூழ்கிகள் உண்டு. அவற்றில் ஒன்று நம் கெப்பல் துறைமுகத்திலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர் தொலைவில் மூழ்கியது. இன்னொன்று, உங்கள் தாத்தா பாட்டி பேசக் கேட்டிருக்கக்கூடிய ஒரு பயணியை ஏற்றி வந்தது. அறிவியல் மாணவருக்கு அவற்றில் கிடைக்கும் பாடம், ஐ-400இன் பிரம்மாண்டத்தில் கிடைப்பதைவிட அதிகம்.

முதலில் ஓர் அடிப்படைக் கேள்வி. நீருக்குள் ஒளிந்து வாழும் கப்பலுக்கு விமானம் எதற்கு? குண்டு போடத்தான் என்று பெரும்பாலோர் சொல்வார்கள். இல்லை, முதல் காரணம் பார்வை. பூமி உருண்டை என்பதால், நாம் நிற்கும் உயரத்தைப் பொறுத்தே தொடுவானம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது அமைகிறது. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் தொடுவானத்தின் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். நீர்மூழ்கியின் மேல்தளத்தில், கடல்மட்டத்துக்கு ஆறு மீட்டர் மேலே நிற்கும் மாலுமிக்கு அது ஒன்பது கிலோமீட்டருக்கும் குறைவு. அதே மாலுமி 2,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தில் இருந்தால் 160 கிலோமீட்டர். பார்க்கக்கூடிய பரப்பளவு 300 மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. பசிபிக் போன்ற பெருங்கடலில் எதிரிக் கப்பலைத் தேட வேண்டிய கடற்படைக்கு இது பெரிய ஆசை காட்டும் கணக்கு.

அந்த ஆசையில் பிறந்தவைதான் ஜப்பானின் பி-1 வகை நீர்மூழ்கிகள். நீளம் சுமார் 109 மீட்டர். கோபுரத்துக்கு முன்னால் நீர் புகாத ஓர் உருளை. அதற்குள் இறக்கைகளும் மிதவைகளும் கழற்றப்பட்ட நிலையில், இருவர் மட்டும் அமரக்கூடிய ஒரு சிறு கடல் விமானம். மேலே வந்ததும் கதவைத் திறந்து, விமானத்தை வெளியே இழுத்து, பாகங்களைப் பூட்டி, முன்தளத்தில் உள்ள தண்டவாளத்தின் வழியே அழுத்தப்பட்ட காற்றால் உந்தி எறிவார்கள். திரும்பி வரும் விமானம் கடலில் இறங்கும். பாரந்தூக்கியால் தூக்கி, மறுபடியும் கழற்றி உள்ளே வைக்க வேண்டும்.

இதில் இருக்கும் இயற்பியலை மட்டும் ஒரு நிமிடம் ரசியுங்கள். உருளை ஏன், பெட்டி வடிவம் ஏன் இல்லை? கடலில் ஒவ்வொரு பத்து மீட்டர் இறங்கும்போதும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. 100 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் ஏறத்தாழ 100 டன் எடைக்குச் சமமான விசை. ஐ-400இன் விமானக் கொட்டகைக்கு விட்டம் சுமார் மூன்றரை மீட்டர்; அதன் வட்டக் கதவின் பரப்பு ஒன்பதரைச் சதுர மீட்டருக்கு மேல். கதவு மட்டுமே ஏறக்குறைய 960 டன் தாங்க வேண்டும். தட்டையான சுவர் என்றால் உள்நோக்கி வளைந்துவிடும். வளைந்த சுவர் அந்த விசையைச் சுற்றிலும் பகிர்ந்துகொள்கிறது. உந்தி எறிவதற்கும் ஒரு கணக்குப் போடலாம். 26 மீட்டர் நீளமுள்ள தண்டவாளத்தின் முடிவில் விமானம் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகம் பெற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வரும். நேரம் சுமார் 1.6 வினாடி. விமானியின் கழுத்து என்ன பாடுபட்டிருக்கும்!

இந்தக் கருவி வேலை செய்ததா? செய்தது. 1942 மே மாதம் ஐ-29 நீர்மூழ்கியின் விமானம் ஆஸ்திரேலியாவின் சிட்னி துறைமுகத்தின்மேல் பறந்து வேவு பார்த்தது. சில நாள்களில் ஐ-21இன் விமானமும் பறந்தது. மே 31ஆம் தேதி இரவு குறுநீர்மூழ்கிகள் அந்தத் துறைமுகத்துக்குள் புகுந்தன. குட்டாபுல் என்ற கப்பலில் இருந்த 21 கடற்படையினர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஐ-25இலிருந்து கிளம்பிய நொபுவோ ஃபுஜிதா என்ற விமானி, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலக் காட்டில் தீக்குண்டுகளை வீசினார். காடு ஈரமாக இருந்ததால் தீ பரவவில்லை. 1962இல் அவரை அந்த ஊர்க்காரர்களே விருந்தினராக அழைத்தார்கள். அவர் தம் குடும்ப வாளை அவர்களுக்குக் கொடுத்தார். இது தனிக் கதை, இன்னொரு வாரம் பேசலாம்.

வேலை செய்தது என்று சொன்னேன். ஆனால் எந்த நிபந்தனையில்? கடலின் மேற்பரப்பில் அசையாமல் காத்திருக்க யாரும் தொந்தரவு செய்யாத நேரம் வேண்டும். ஐ-400இல் மூன்று விமானங்களையும் பூட்டி ஏவ அரை மணி நேரம் ஆகும். அதே கப்பல் அவசரத்தில் மூழ்க ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை. நீர்மூழ்கியின் ஒரே பாதுகாப்பு அது கண்ணில் படாமல் இருப்பதுதான். விமானமோ அந்தப் பாதுகாப்பை விட்டுவிடச் சொல்கிறது. இருட்டும் மேகமும் துணை இருக்கும்வரை இந்த முரண்பாட்டைச் சமாளிக்கலாம். ரேடார் வந்த பிறகு இருட்டும் மேகமும் துணை இல்லை. வானொலி அலையை அனுப்பி, பட்டுத் திரும்பும் அலை வந்துசேரும் நேரத்தை அளந்து, தூரத்தைக் கண்டுபிடிக்கும் கருவிக்கு இரவும் பகலும் ஒன்றுதான். 1942 நடுப்பகுதியிலேயே பிரிட்டிஷ் விமானங்கள் ரேடாரையும் தேடொளி விளக்கையும் சேர்த்துக்கொண்டு, நள்ளிரவில் மேலே வந்த ஜெர்மானிய நீர்மூழ்கிகளைத் தாக்கத் தொடங்கிவிட்டன.

இனி நம் ஊருக்கு வருவோம். 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்தது. அவர்கள் கைப்பற்றிய பொருள்களில் நியூமன் என்ற பிரிட்டிஷ் ராணுவ ரேடார் தொழில்நுட்பரின் கையெழுத்துக் குறிப்பேடும் இருந்தது. தேடொளி விளக்கை விமானத்தை நோக்கித் திருப்ப உதவும் ரேடார் பற்றிய குறிப்புகள் அவை. அதில் திரும்பத் திரும்ப ஒரு சொல் வந்தது: யாகி. வாசித்த ஜப்பானிய அதிகாரிகளுக்கு அது என்ன மொழி, என்ன பொருள் என்றே புரியவில்லை. கைதியாக இருந்த நியூமனை அழைத்து விசாரித்தார்கள். அந்த ஏரியலைக் கண்டுபிடித்த ஜப்பானியப் பேராசிரியரின் பெயர்தான் அது என்று அவர் சொன்னார்.

உங்கள் தாத்தா வீட்டில் பழைய தொலைக்காட்சிக்கு மீன் முள்போல ஓர் அலுமினிய ஏரியல் இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். அதுதான் யாகி-ஊடா ஏரியல். ஜப்பானின் செண்டாய் நகரில் உள்ள தொஹோக்கு பல்கலைக்கழகத்தில் ஹிதெட்சுகு யாகி, ஷிந்தாரோ ஊடா இருவரும் 1926இல் வெளியிட்டது. பெரும்பாலான சோதனைகளைச் செய்தவர் ஊடா. பெயர் நிலைத்தது யாகிக்கு. இதையும் கவனித்துக்கொள்ளுங்கள். அலைநீளத்தில் ஏறக்குறையப் பாதி நீளமுள்ள ஒரு கம்பி அலையை வெளியிடுகிறது. அதற்குப் பின்னால் சற்று நீளமான கம்பி, கண்ணாடிபோல் அலையை முன்னோக்கித் திருப்புகிறது. முன்னால் உள்ள சற்றுக் குட்டையான கம்பிகள் அலையை ஒரே திசையில் குவிக்கின்றன. மூன்று நான்கு கம்பிகள், அவ்வளவுதான். உருளைக் கொட்டகையும் வேண்டாம், காற்றழுத்தத் தண்டவாளமும் வேண்டாம்.

அதே பல்கலைக்கழகத்தில் 1927இல் கிஞ்சிரோ ஒக்காபே என்ற ஆய்வாளர், மிகக் குறுகிய அலைகளை உண்டாக்கும் ஒருவகை மேக்னெட்ரான் குழாயைச் செய்து காட்டினார். அதன் உறவுக்கார வடிவம்தான் உங்கள் வீட்டு மைக்ரோவேவ் அடுப்பில் இருப்பது. ஆக, நல்ல ரேடாருக்குத் தேவையான இரண்டு பெரிய படிகளை ஜப்பானிய அறிவியலாளர்கள் 1920களிலேயே ஏறிவிட்டார்கள். கடற்படை அதிகாரிகள் பலருக்கு அதில் நம்பிக்கை இல்லை. இருட்டில் விளக்கேந்தி நடப்பவனை எதிரி முதலில் பார்த்துவிடுவான், அலையை வெளியிட்டால் நம் இடம் தெரிந்துவிடும் என்று வாதாடினார்கள். தரைப்படையும் கடற்படையும் தனித்தனியே ஆராய்ந்தன. ஒன்றின் முடிவை மற்றொன்றுக்குச் சொல்லவில்லை. தேர்வு நெருங்கும்போது குறிப்பேட்டை மேசைக்கடியில் ஒளித்து வைக்கும் சிலரை எனக்குத் தெரியும். அவர்களிடம் நான் சொல்லும் உதாரணம் இதுதான்.

அடுத்த காட்சி இன்னும் வேதனையானது. பி-1 வகையைச் சேர்ந்த ஐ-30 நீர்மூழ்கி 1942 ஏப்ரலில் பினாங்கிலிருந்து மேற்கே புறப்பட்டது. மே மாதம் அதன் சிறு விமானம் ஏடன், ஜிபூட்டி, சான்சிபார், தாருஸ்ஸலாம் ஆகிய துறைமுகங்களை வேவு பார்த்தது. பிறகு ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, ஆகஸ்ட் தொடக்கத்தில் ஜெர்மானியர் வசம் இருந்த பிரான்சின் லோரியாங் துறைமுகத்தை அடைந்தது. ஜப்பானிலிருந்து ஐரோப்பாவுக்குச் சரக்கோடு போன முதல் நீர்மூழ்கி அது. திரும்பும்போது அதில் இருந்தவற்றில் முக்கியமானது வூர்ஸ்பர்க் என்ற ஜெர்மானிய ரேடாரும் அதன் வரைபடங்களும். எதிரியை உயரத்திலிருந்து பார்ப்பதற்காக விமானத்தைச் சுமந்து திரிந்த கப்பல், இப்போது விமானமே இல்லாமல் பார்க்கும் கண்ணைச் சுமந்து வந்தது.

பிரிட்டிஷாரின் கண்காணிப்பைத் தாண்டி, அட்லாண்டிக்கையும் இந்தியப் பெருங்கடலையும் கடந்து, அக்டோபர் 8ஆம் தேதி பினாங்கு. 13ஆம் தேதி காலை சிங்கப்பூர். அன்று பிற்பகலே ஜப்பானுக்குக் கிளம்பியது. கெப்பலைத் தாண்டிச் சிறிது தூரத்தில், சரணடைவதற்கு முன் பிரிட்டிஷார் போட்டு வைத்திருந்த கண்ணிவெடி ஒன்றில் மோதி மூழ்கியது. 13 பேர் இறந்தார்கள். முக்குளிப்பாளர்கள் இறங்கிச் சரக்கில் சிலவற்றை மீட்டார்கள். ரேடார் நொறுங்கிப்போயிருந்தது, வரைபடங்கள் உப்புநீரில் ஊறிப் பயனற்றுப்போயிருந்தன. பூமியைப் பாதி சுற்றி வந்த கப்பல், தன் சொந்தக் கொடி பறந்த துறைமுகத்தின் வாசலில் போயிற்று. யாகி என்றால் என்ன என்று ஒரு கைதியிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட அதே ஊரில், அதே ஆண்டில்.

ஐ-29 பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் விட்டால் நம் வாசகர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். சிட்னிமேல் விமானத்தை அனுப்பிய அதே கப்பல்தான் 1943 ஏப்ரல் இறுதியில் மடகாஸ்கருக்கு அருகே ஜெர்மனியின் யு-180 நீர்மூழ்கியைச் சந்தித்தது. கொந்தளித்த கடலில் ரப்பர் படகு வழியாக சுபாஷ் சந்திர போஸும் அவருடைய உதவியாளர் ஆபித் ஹசனும் ஐ-29க்கு மாறினார்கள். போஸ் ஜூலை 2ஆம் தேதி சிங்கப்பூர் வந்தார். 4ஆம் தேதி கேத்தே கட்டடக் கூட்டம், 5ஆம் தேதி பாடாங்கில் இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பு. தோட்டங்களிலிருந்தும் கடைகளிலிருந்தும் தமிழர்கள் பெரும் எண்ணிக்கையில் அதில் சேர்ந்தார்கள். பெண்களுக்கும் ஜான்சி ராணிப் படை இருந்தது. தேக்காவுக்குப் போகும்போது கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்துக்குள் ஒரு மணி நேரம் நுழைந்து வாருங்கள். அந்தத் தலைமுறையின் வாழ்க்கை வெறும் சாகசக் கதை இல்லை என்பது தெரியும். அதே 1943இல், மலாயாத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மடிந்தார்கள். ஒரே ஆட்சி, ஒரே ஆண்டு. ஐ-29 என்றால் போஸ் என்று மட்டும் எழுதி நிறுத்தும் செயல்திட்டத்துக்கு நான் முழு மதிப்பெண் தரமாட்டேன்.

ஏனென்றால் ஐ-29இன் கதை அங்கே முடியவில்லை. 1944 மார்ச்சில் அதுவும் லோரியாங் போய்ச் சேர்ந்தது. திரும்பும்போது ஜெட் இயந்திரங்கள், ராக்கெட் இயந்திரங்கள் பற்றிய ஜெர்மானிய வரைபடங்களைக் கொண்டுவந்தது. ஜூலை 14ஆம் தேதி சிங்கப்பூர். ஐ-30க்கு நேர்ந்தது நினைவில் இருந்ததோ என்னவோ, எய்ச்சி இவாயா என்ற கடற்படைப் பொறியாளர் இங்கேயே இறங்கி, கையில் எடுத்துக்கொள்ள முடிந்த கொஞ்சம் ஆவணங்களோடு விமானத்தில் தோக்கியோ போனார். பன்னிரண்டு நாள் கழித்து, ஜூலை 26ஆம் தேதி, பிலிப்பீன்சுக்கு வடக்கே அமெரிக்க நீர்மூழ்கியின் டார்பிடோக்கள் ஐ-29ஐ மூழ்கடித்தன. பெரும்பகுதி வரைபடங்கள் அதோடு போயின. இவாயா கொண்டுபோன ஒரு ஜெட் இயந்திரத்தின் குறுக்குவெட்டுப் படம் முதலியவற்றை வைத்துக்கொண்டு, ஜப்பானியப் பொறியாளர்கள் ஓராண்டில் சொந்த ஜெட் இயந்திரம் ஒன்றை உருவாக்கினார்கள். கிக்கா என்ற அவர்களுடைய ஜெட் விமானம் 1945 ஆகஸ்ட் 7ஆம் தேதி முதன்முதலாகப் பறந்தது. ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த மறுநாள் அது.

பி-1 வகையில் மொத்தம் 20 கப்பல்கள் கட்டினார்கள். போர் முடிந்தபோது மிஞ்சியது ஒன்றே ஒன்று, ஐ-36. அதன் தம்பியான ஐ-400 வகையில் மூன்று மட்டுமே முடிந்தன. பனாமா கால்வாயின் மடைகளை உடைக்கப் போட்ட திட்டமும், பின்னர் உலித்தி தீவில் இருந்த அமெரிக்கக் கடற்படையைத் தாக்கப் போட்ட திட்டமும் நிறைவேறவில்லை. 1946இல் அமெரிக்கர்கள் ஐ-400ஐயும் ஐ-401ஐயும் ஹவாய் அருகே மூழ்கடித்தார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், "சார், ஆனாலும் ஐ-400 செம டிசைன்!" என்று ஒரு மாணவர் சொல்வார். உண்மைதான். நானும் மறுக்கவில்லை. இறக்கையைத் திருப்பி மடிக்கும் விதம், குளிர்ந்த இயந்திரத்தைக் கப்பலுக்குள்ளேயே சூடேற்றிய எண்ணெயால் தயார்செய்யும் ஏற்பாடு, இருட்டில் பூட்டுவதற்காகப் பாகங்களில் பூசிய ஒளிரும் சாயம் என ஒவ்வொன்றிலும் ஒரு பொறியாளரின் மூளை தெரிகிறது. என் சண்டை அந்த மூளையோடு இல்லை. "எப்படிச் செய்தார்கள்" என்று பத்துப் பக்கம் எழுதிவிட்டு, "இதைச் செய்யத்தான் வேண்டுமா, வேறு வழி இருந்ததா" என்று ஒரு வரிகூடக் கேட்காத நம் பழக்கத்தோடுதான். மூன்று கம்பிகளைக் கையில் வைத்துக்கொண்டு பதினாறு ஆண்டுகள் சும்மா இருந்த ஒரு நாடு, 122 மீட்டர் கப்பலைக் கட்டியது. அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் செயல்திட்டத்தை இதுவரை யாரும் என்னிடம் கொண்டுவரவில்லை. யாகி ஏரியல் செய்ய அலுமினியக் கம்பியும் மரக்கட்டையும் ரம்பமும் போதும், பள்ளிப் பட்டறையில் ஒரு பிற்பகல் வேலை. கம்பியின் நீளத்தைக் கொஞ்சம் மாற்றினால் வானொலி ஒலி எப்படிக் கூடிக் குறைகிறது என்று அளந்து ஒரு வரைபடமே போடலாம். அட்டைக் கப்பலில் இப்படி அளக்க எதுவும் கிடையாது.

விமானத்தை அனுப்பும் எண்ணம் செத்துவிடவும் இல்லை. நீர்மூழ்கியிலிருந்து ஆளில்லாச் சிறு வானூர்திகளை ஏவும் சோதனைகள் நம் காலத்தில் நடந்திருக்கின்றன. நம் குடியரசுக் கடற்படையிலும் இன்வின்சிபிள், இம்பெக்கபிள் என்ற இரண்டு புதிய நீர்மூழ்கிகள் 2024 செப்டம்பரில் பணியில் சேர்ந்தன. உங்களில் சிலர் ஒருநாள் அந்தத் துறையில் வேலை பார்க்கலாம். அப்போது ஒரு வேலையை எந்தக் கருவியிடம் கொடுப்பது என்று முடிவெடுக்கும் மேசையில் உட்கார்ந்திருப்பவர் நீங்களாகவும் இருக்கலாம்.

இந்தப் பள்ளி விடுமுறையில் கிழக்குக் கடற்கரைப் பூங்காவுக்குப் போனால், மணலில் நின்று தூரத்தில் நங்கூரமிட்டிருக்கும் கப்பல்களைப் பாருங்கள். உங்கள் கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருந்தால் தொடுவானம் நாலரைக் கிலோமீட்டர்தான். மிகத் தொலைவில் உள்ள கப்பலின் அடிப்பகுதி தெரியாது, மேல்பகுதி மட்டும் தெரியும். பிறகு வீவக புளோக்கின் பன்னிரண்டாவது மாடியிலிருந்து அதே கடலைப் பாருங்கள். உயரம் சுமார் 34 மீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால் எவ்வளவு வருகிறது என்று நீங்களே போட்டுப் பாருங்கள். தொலைநோக்கி இருந்தால் கப்பலின் உச்சியையும் பாருங்கள். அங்கே ஒரு நீண்ட வெள்ளைப் பட்டை சுற்றிக்கொண்டே இருந்தால், அது ரேடார்.